மின்னுகிற குதிகால்

போன பொங்கலுக்கு அண்ணன் பேரன் வந்தபோது ஆள் தெரிவதற்கு முன்னால் வெளிச்சம் தெரிந்தது. பொழுது சாய்ந்து கரண்டும் போயிருந்த நேரம். தெருமுனையிலிருந்து சிவப்பும் நீலமுமாக ஏதோ குதித்துக் குதித்து வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆயா, “யாருக்குடா ஒடம்பு சரியில்ல, ஆம்புலன்ஸ் வருது?” என்று எழுந்தே விட்டார். வந்தது நாலு வயதுப் பையனின் ஷூ. அடி வைக்க வைக்கக் குதிகாலில் விளக்கு எரிகிறது.

“எவ்வளவுப்பா?” என்று அவன் அப்பனிடம் கேட்டேன்.

“ஆயிரத்து முந்நூறு சித்தப்பா. தள்ளுபடியில வாங்கினது.”

ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளை அவன். பண்டிகைக்கு வருஷம் ஒருமுறை மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவன் முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருந்தாலும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நாலு வயதுக் கால் எத்தனை மாதம் இந்த ஷூவுக்குள் அடங்கும்?

நான் செருப்பு போட்டதே ஆறாம் வகுப்புக்குப் போனபோதுதான். 1975. அதுவரைக்கும் எங்கள் ஊர் தளவானூரின் கழனி வரப்பும் மல்லாட்டைக் கொல்லையும் மலையடிப் பாறையும் என் உள்ளங்காலுக்கு நேரடிப் பழக்கம். சித்திரை வெயிலில் எந்த மரத்து நிழலிலிருந்து எந்த மரத்து நிழலுக்கு ஓடினால் கால் பொறுக்கும் என்று எங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு வரைபடமே மனசில் இருந்தது. நெருஞ்சி குத்தினால் நின்று, ஒற்றைக் காலில் கொக்குபோல் ஆடி, பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடுவோம். வேலிக்காத்தான் முள் அப்படி விடாது. உள்ளே முறிந்து தங்கிவிடும். ராத்திரி காடா விளக்கு வெளிச்சத்தில் ஆயா என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊக்கை நெருப்பில் காட்டி, முள் இருக்கிற இடத்தைச் சுற்றித் தோலை மெல்லக் கிளறுவார். முள் வராவிட்டால் எருக்கம்பால் இரண்டு சொட்டு. காலையில் அந்த இடம் பழுத்து, அமுக்கினால் முள் தானே எட்டிப் பார்க்கும். என் இடது குதிகாலில் அப்படி ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே “அதெல்லாம் ஆரோக்கியமான காலம்” என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. திறந்தவெளிதான் எல்லோருக்கும் கழிப்பிடம் என்று இருந்த ஊரில் வெறுங்காலோடு நடப்பது என்றால் கொக்கிப்புழுவுக்குக் கதவைத் திறந்து வைப்பது. ஈர மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு உள்ளங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு ஓடி, கடைசியில் குடலில் கொக்கி போட்டுத் தொங்கும். வெளுத்த கண், ஊதிய வயிறு, வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை. என்னோடு படித்தவர்களில் அப்படிப் பலர். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள், வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்திருக்கிறது. அதோடு சேர்ந்து காலில் ஏறிய சாதாரண ரப்பர் செருப்பும் இந்தக் கதையில் ஒரு மருந்துதான்.

செருப்பு இல்லாமல் இருந்ததற்கு வறுமை மட்டும் காரணமில்லை. என் அம்மா பிறந்த ஊரில் தோல் செருப்பு தைக்கிற ஒருவர் இருந்தார். அந்த ஊர்ப் பெரிய கால்கள் எல்லாம் அவர் கை அளந்தவைதான். அவர் எங்கள் தாத்தா வீட்டுத் தெரு வழியாகப் போகும்போது தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்ட எனக்குப் பெரியவர்கள் பதில் சொல்லவில்லை, “சும்மா இரு” என்றார்கள். 1930-இல் ராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியார் விதித்த தடைகளை ஆங்கிலேய அதிகாரி ஜே. எச். ஹட்டன் பதிந்து வைத்திருக்கிறார். நகை போடாதே, சட்டை போடாதே என்ற வரிசையில் குடையும் செருப்பும்கூட வருகின்றன. அதைப் படித்தபோது அந்தக் கக்கத்துச் செருப்பு எனக்கு மறுபடி தெரிந்தது. ஆகவே யாராவது தன் பிள்ளைக்கு ஊரே பார்க்கிற மாதிரி ஷூ வாங்கிப் போட்டு நடுத்தெருவில் நடத்திக்கொண்டு போனால், அதை வெறும் பகட்டு என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு நாக்கு எழுவதில்லை. அந்தச் செலவில் சில வீடுகளுக்கு வேறொரு கணக்கும் தீர்கிறது.

என் முதல் செருப்புக்கு வருகிறேன். மேலே தோல், அடியில் லாரி டயர். அப்பா செஞ்சிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும்போது வாங்கி வந்தார். என் காலைவிட இரண்டு விரல்கடை பெரிசு. “வளர்ற கால்தானே, அடுத்த வருஷத்துக்கும் ஆவட்டும்” என்றார். முன்பக்கம் துணி திணித்துக்கொண்டு நடந்தேன். முதல் மாதம் செருப்பை நான் இழுத்துக்கொண்டு போனேன், பிறகு அது என்னை. குதிகாலில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்து, தோல் தடித்த பிறகுதான் எங்களுக்குள் சமாதானம் ஆயிற்று. மூன்று வருஷம் உழைத்தது. பிறகு தம்பிக்குப் போயிற்று.

அதே 1975-இல்தான் கோட்டயத்தில் பாரகன் ரப்பர் செருப்புக் கம்பெனியைத் தொடங்கினார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்த சேதி. கொஞ்ச வருஷத்தில் எங்கள் பக்கம் எல்லாக் காலிலும் வெள்ளை அடிபாகம், நீல வார். தோல் செருப்பு தைத்தவர்களின் பிழைப்பை அது தின்றது என்பதும் உண்மை. ரப்பர் செருப்புக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஊக்குதான். வார் முனை துளையிலிருந்து பிய்ந்து வந்தால், அடியில் குறுக்கே ஊக்கைக் குத்திவிட்டு இன்னும் மூன்று மாதம் ஓட்டலாம். பெட்டிக்கடையில் வார் மட்டும் தனியாகக் கிடைக்கும். அடி ஒரு நிறம், வார் ஒரு நிறமாகப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் நாங்கள்.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். அந்தக் காலத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பற்பொடி, சீருடை, காலணி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜெயலலிதா ஆட்சியில் 2012 வாக்கில் ஒன்று முதல் பத்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வந்தது. பிறகு பெரிய வகுப்புகளுக்குச் செருப்பு போய் ஷூவும் சாக்ஸுமாக மாறியது. இந்த வட்டாரத்தின் காலில் நடந்த உண்மையான மாற்றம் எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒரே மாதிரி செருப்பு, ஒரே நாளில், எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும். கக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் வழியில்லாத செருப்பு.

அதற்குப் பிறகு வந்ததுதான் விளக்கு.

விளக்கு ஷூ புதுசு இல்லை. அமெரிக்காவில் எல்.ஏ. கியர் என்ற கம்பெனி 1992-இல் அதைக் கடைக்குக் கொண்டுவந்து லட்சக்கணக்கில் விற்றது. ஆரம்பத்தில் வந்த சில ஷூக்களின் குதிகாலில் விளக்கை ஏற்றி அணைக்கப் பாதரசச் சுவிட்சு வைத்திருந்தார்கள். குப்பையில் பாதரசம் போடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த மின்னசோட்டா மாநிலம் 1994-இல் அதைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி பாதரசத்தைக் கைவிட்டது. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஒரு சின்னச் சுருள்கம்பி. கால் ஊன்றும்போது அது ஆடித் தொட்டால் மின்சாரம் பாயும். எல்லாம் ரப்பருக்குள் வைத்து மூடி வார்த்திருப்பார்கள். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வழியில்லை. என் ரப்பர் செருப்புக்கு ஊக்கு இருந்தது, இதற்கு அது கிடையாது.

செஞ்சிக் கடைத்தெருவில் இன்று பிள்ளைகள் ஷூவுக்கென்றே தனி அலமாரி. சிலந்தி மனிதன் படம் போட்டது, பனி இளவரசி படம் போட்டது, பெரிய கம்பெனிச் சின்னத்தைக் கொஞ்சம் கோணலாக வரைந்தது, நடை பழகும் குழந்தைக்குக் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. கீச்சு ஷூவை மட்டும் நான் ஆதரிப்பேன். குழந்தை கிணற்றுப் பக்கம் போகிறதா, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகிறதா என்று அடுப்படியிலிருந்தே காதால் பார்க்கலாம். மற்றதெல்லாம் அலமாரியில் பிள்ளையின் கண் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பனுடைய பை உயரத்துக்கு அல்ல. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் கிடா விற்ற கையோடு வருகிறவரைப் பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால், பேரம் அங்கேயே முடிந்துபோகிறது.

பொங்கலுக்கு என் அக்கா மகளும் வந்திருந்தாள். வந்தவாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், ஷூ கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். செய்யாறு சிப்காட்டில் தைவான் கம்பெனியின் லோட்டஸ் ஃபுட்வேர் ஆலை நைக்கிக்காக ஷூ செய்கிறது. உளுந்தூர்ப்பேட்டையில் இன்னொரு தைவான் கம்பெனி 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை வைக்க 2023-இல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. அதே 2023-இல் பெரம்பலூரில் க்ராக்ஸ் செய்கிற ஆலை திறந்தார்கள். உலகத்துப் பிள்ளைகள் காலில் மாட்டுகிற சரக்கு நம்மைச் சுற்றித்தான் உருவாகிறது. பொழுது விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்குச் சாப்பாட்டுக் கூடையோடு காத்து நிற்கிற பெண்களை அந்தச் சாலைகளில் யாரும் பார்க்கலாம்.

அக்கா மகள் அந்த விளக்கு ஷூவைக் கையில் எடுத்தாள். மின்னுவதை அவள் பார்க்கவே இல்லை. முதலில் இரண்டு கையாலும் பிடித்து மடித்தாள்.

“பாருங்க மாமா, முன்னால விரல் மடியற எடத்துல மடியணும். இது நடுவுல மடியுது. இப்படி மடிஞ்சா காலுக்குப் பிடிப்பு இல்ல.”

பிறகு குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அது உள்ளே போய் அப்படியே நின்றது. “இங்க கெட்டியா இருக்கணும். அட்டை வெச்சிருக்காங்க.” அடிப்பாகமும் மேல்பாகமும் சேர்கிற விளிம்பை நகத்தால் நெம்பினாள், பசை நூல்போல் இழுபட்டது. கடைசியாக உள்ளே இருந்த மெத்தையை உருவி எடுத்துத் தரையில் வைத்துப் பையனைக் கூப்பிட்டு அதன்மேல் நிற்கச் சொன்னாள். அவன் பெருவிரல் மெத்தையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

“முன்னால என் கட்டைவிரல் அகலம் எடம் இருக்கணும். இது இன்னும் ரெண்டு மாசம் தாங்குனா பெருசு.”

அப்பன்காரன் முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது. “பின்ன ஏன் அத்தாச்சி இந்த விலை? இத்துனூண்டு ஷூதானே?”

“சின்ன ஷூவுக்கும் பெரிய ஷூவுக்கும் துண்டு எண்ணிக்கை ஒண்ணுதாம்பா. அதே தையல், அதே பசை. தோலு கொஞ்சம் கம்மியா போவும், அவ்ளோதான். கையி கொறையாது” என்றாள். சிரித்துக்கொண்டே சேர்த்தாள், “வெளக்குக்குத் தனிக் காசு.”

அவள் மகன் காலில் என்ன என்று பார்த்தேன். பின்பட்டை வைத்த ரப்பர் சாண்டல். வந்தவாசிச் சந்தையில் 180 ரூபாய்.

காலைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதும் அந்தச் சாண்டல் பக்கம்தான் சாய்கிறது. மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத் தடத்தை எடுத்துப் பார்த்து 1992-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காலணி போட்டுப் பழகியவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். காலணியிலும் விரல் மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், சாண்டலும் செருப்பும் போட்டவர்களிடம் குறைவு. எலும்பு அறுவை மருத்துவ உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு. நம் பிள்ளைகளின் காலை வைத்து, நம் பக்கத்து மருத்துவர்கள் செய்தது. நம் ஷூ கடைகளில்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சின்ன வயதில் பாதம் தட்டையாக இருப்பது சகஜம், வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு வளைவு தானே வந்துவிடும். ஆகவே ஷூ போட்ட பிள்ளைக்கெல்லாம் கால் கெட்டுவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். விலை கூடினால் கால் நன்றாக வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, நம் வாழ்க்கைக்கு ஷூவே ஒரு தொந்தரவு. காணும் பொங்கல் அன்று நான் எண்ணிப் பார்த்தேன். பையன் காலையிலிருந்து பொழுது போகும்வரை ஏழு முறை ஷூவைக் கழற்றி மாட்டினான். எங்கள் வீட்டு வாசல், பெரியம்மா வீட்டு வாசல், அம்மன் கோயில், மறுபடி வீடு. ஒவ்வொரு முறையும் இரண்டு ஒட்டுப்பட்டை, இரண்டு சாக்ஸ். மூன்றாவது முறையே ஒட்டுப்பட்டையில் மண்ணும் நெருஞ்சியும் ஏறிப் பிடிக்க மறுத்தது. வாசல்படிக்கு வாசல்படி காலணியைக் கழற்றுகிற சனங்களுக்கு, ஒரு உதறலில் கழன்று ஒரு நுழைப்பில் ஏறுகிறதுதான் காலணி. தனியார் பள்ளி வேனில் போகிற பிள்ளைகள் வாரம் நாலு நாள் கறுப்பு ஷூ, ஒரு நாள் வெள்ளை ஷூ என்று மாட்டிக்கொண்டு, சாயங்காலம் இறங்கியதும் வாசலிலேயே இரண்டையும் எதிரெதிர்த் திசையில் உதைத்துத் தள்ளுவதைப் பார்க்கிறேன். வெந்துபோன விரல் இடுக்கு, வெளுத்த தோல். பிறகு வெறுங்காலோடு தெருவில் இறங்கினால்தான் அவர்களுக்கு உயிர் வருகிறது.

அன்று மத்தியானம் எல்லோருமாகப் பஞ்சபாண்டவர் மலைக்குப் போனோம். மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் கோயில் எங்கள் ஊரின் ஒரே பெருமை. தூணுக்கு மேலே இரண்டு மகரங்கள் வாய் திறந்து தோரணத்தைக் கக்குகிற வேலைப்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் நின்று பார்ப்பேன். பையனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வாயிற்காவலர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சின்னத் தாத்தா, இவங்க ஷூ எங்க?”

“கோயிலாச்சே, வெளியே விட்டுட்டு வந்திருப்பாங்க.”

அவன் நம்பிவிட்டான். இறங்கும்போது தன் ஷூ பக்கத்தில் அவர்களுடையதும் கிடக்கிறதா என்று தேடினான்.

பாறையில் வெறுங்காலோடுதான் ஏறினான். முதலில் நாலு அடிக்குக் கூசிக்கொண்டு நடந்தான். அப்புறம் விரலை மடக்கிப் பாறையைப் பிடித்துக்கொள்ள அந்தக் கால் தானே கற்றுக்கொண்டது. அவன் அப்பன் கீழே ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் போய் நின்றேன். மலையைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

“நான் மூணாவது படிக்கும்போது செஞ்சியில ஒரு பையன் இதமாரி போட்டிருந்தான் சித்தப்பா. அப்பாகிட்ட கேட்டேன். கரும்புக்குக் காசு வரட்டும்னாரு. வந்துச்சு. அதுக்குள்ள என் காலு பெருசாயிடுச்சு. என் அளவுக்கு வெளக்கு ஷூ இல்லன்னுட்டாங்க.”

என் அப்பா இரண்டு விரல்கடை பெரிசாக வாங்கிய செருப்பு எனக்கு ஞாபகம் வந்தது. நான் கேட்டது அதுவல்ல. பள்ளியில் ஒருவன் போட்டிருந்த பளபளப்பான பாட்டா. அதை நான் இவனிடம் சொல்லவில்லை. இந்த ஷூ இத்தனை விலைக்குத் தகுமா என்று என்னைக் கேட்டிருந்தால், பையன் காலுக்குத் தகாது என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக் கடனை அடைத்துக்கொண்டிருந்தவனிடம் வட்டிக் கணக்குப் பேசவும் எனக்குத் தோன்றவில்லை. போகும்போது மட்டும் சொல்லி அனுப்பினேன், அடுத்ததுக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போ என்று. 2025 செப்டம்பரில் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்த பிறகு, விளக்கு இல்லாமல் நல்ல கெட்டியான சாண்டல் வாங்க அவன் சம்பளம் தாராளமாகப் போதும்.

சித்திரையில் அவர்கள் மறுபடி வந்தார்கள். பையன் காலில் நீல நிறச் சாண்டல். விளக்கு ஷூவை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள், இங்கே யாருக்காவது ஆகுமென்று. இடது காலில் விளக்கு செத்துவிட்டது, வலது மட்டும் எரிகிறது. ஒற்றை விளக்கு ஷூவை யார் போடுவார்கள் என்று அண்ணி திண்ணை ஓரம் வைத்துவிட்டார்.

அன்று ராத்திரியும் கரண்டு போயிற்று. இருட்டில் டப் டப் என்று சத்தம். பையனின் தங்கை, ஒன்றரை வயது, இன்னும் நேராக நடை வரவில்லை. வலது ஷூவைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கு ஒருமுறை சிவப்பு, அடிக்கு ஒருமுறை நீலம், நடுவில் அவள் பல்.